சந்தையைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக்கலை படித்து முடித்த பிள்ளைகள் யாழ்ப்பாணத்துச் சந்தைகளைப் புதுப்பிக்க வரைபடங்களோடு அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். சந்தை ஊர்கூடும் இடமாகவும் இருக்கவேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் எல்லா வரைபடத்திலும் அதே பிழைகள். வெளிச்சம், குப்பைத்தொட்டி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் யாரும் மறப்பதில்லை, அவற்றை விடுவோம்.

முற்றத்தை வெறும் நிலம் என்று நினைப்பது

அளக்கப் போகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகுதான் போகிறார்கள். அந்த நேரம் நடு முற்றம் வெறிச்சென்று கிடக்கும். உடனே அதில் ஒரு மேடை, சுற்றிவர இருப்பதற்கு வாங்குகள், பூச்சாடிகள்.

சுன்னாகத்துக்கோ திருநெல்வேலிக்கோ கொடிகாமத்துக்கோ விடிய வெள்ளெனப் போய்ப் பாருங்கள். வாழைக்குலையும் கத்தரிக்காய் மூடையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலும் சைக்கிள் கரியரிலும் வந்து முற்றத்தில்தான் இறங்கும். விலை பேசுவது அங்கே. யார் வீட்டில் செத்தவீடு, எந்தக் கோயிலில் கொடியேற்றம், யாருடைய கிணறு உவர்த்துப்போனது என்பதும் அங்கேதான். ஊர் ஏற்கனவே அந்த இடத்தில் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

வலிகாமத்தில் ஒரு சந்தையில் இதைக் கவனிக்காமல் முற்றத்தின் நடுவே கொங்கிறீற் மேடை போட்டார்கள். லொறி திரும்ப இடமில்லை. தோட்டக்காரர் றோட்டோரத்திலேயே இறக்கி, அங்கேயே வியாபாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். அப்புறம் சில்லறைக்கு வாங்குகிற பெண்களும் றோட்டுக்குப் போனார்கள். உள்ளே தேத்தண்ணிக் கடை பூட்டப்பட்டது. "தம்பி, மேடை வடிவாத்தான் இருக்கு. குலையை எங்க இறக்கிறது?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். உடைக்கவும் காசு வேண்டும் என்பதால் மேடை அப்படியே நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பொதுப் பணத்தில், நன்றாக நடந்துகொண்டிருந்த ஒன்றை இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

ஒரு முழு நாள் அங்கே இருங்கள். விடியலிலிருந்து பொழுதுபடும்வரை யார் எங்கே நிற்கிறார்கள் என்று மணிக்கொருமுறை குறியுங்கள். தைப்பொங்கலுக்கு முதல்நாளும் போங்கள், பானையும் கரும்பும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று தெரியும். லொறி திரும்பும் வளைவை முதலில் வரையுங்கள். இருக்கைகள் வேண்டுமென்றால் ஓரத்தில், வேம்பு நிழலில், முழங்கால் உயரத்துக்கு ஒரு நீளக் கட்டுப் போதும். பின்னேரம் முற்றத்தைக் கழுவிவிட்டால் கூத்துக்கும் கூட்டத்துக்கும் அதே இடம்தான். மேடை தேவையானால் பலகையில் செய்யுங்கள். முடிந்ததும் கழற்றி வைக்கலாம்.

தாழ்வாரம்

இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றோடு வரும், நேராக விழாது. கூரையை உயர்த்திவிட்டுத் தாழ்வாரத்தைக் குறைத்தால் கிழக்கு வரிசை முழுக்க நனையும். அந்தப் பக்கம் நீளமாக, தாழ இறக்குங்கள்.

மீன் கழுவும் தண்ணீர்

குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். குழி வெட்டி அதற்குள் விட்டால் அயல் கிணறுகளுக்குப் போய்ச் சேரும். சுத்திகரிப்புக்குக் காசு ஒதுக்காமல் மீன் பகுதியை வரையவே வேண்டாம்.

மாபிள்

மீன் பக்கத் தரையில் போடாதீர்கள். வழுக்கும்.

கடை இலக்கம் இல்லாதவர்கள்

பனையோலைக் கடகத்தில் ஒடியல் கிழங்கும் பனங்கட்டியும் கொண்டுவந்து நிலத்தில் இருந்து விற்கும் ஆச்சிமாரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. வரைபடத்திலும் இடம் விழாது. அவர்களுக்கு உயர்ந்த மேசை வேண்டாம். வாசலுக்குக் கிட்ட, நிழலோடு, ஈரம் ஏறாத ஒரு திண்ணை கொடுங்கள்.

கழிப்பறை

பெண்களுக்குத் தனியாக, தண்ணீரோடு, பூட்டி வைக்காமல். முதல் கட்டத்திலேயே.