தோழியுடன் தென் பிரான்சின் பழைய நகரங்களுக்கு: முதல் முதுகுப்பைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

முதன்முறை செல்பவர்களுக்கு அவிஞ்ஞோன், ஆர்ல், நீம் ஆகிய மூன்று நகரங்களே போதும். நாள் மிஞ்சினால் மேற்கே கார்கசோனைச் சேர்த்துக்கொள்ளலாம். அவிஞ்ஞோனிலிருந்து ஆர்லுக்கு ரயிலில் ஏறத்தாழ 20 நிமிடம், அங்கிருந்து நீமுக்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். 1947-இல் தொடங்கி இப்போது ஜூலையில் நடக்கும் நாடக விழாவின்போது அவிஞ்ஞோனில் அறை கிடைப்பது அரிது என்பதால், மே அல்லது செப்டம்பர் நல்லது. ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான நுழைவு அனுமதி) தேவைப்படுவோர் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அடுத்து, தோழியுடன் உட்கார்ந்து பணத்தையும் நடையின் வேகத்தையும் பேசிவிடுங்கள். நாங்கள் இதைப் பேசாமல் கிளம்பி, இரண்டாம் நாளே மனம் வருந்தினோம். உணவுக்கும் அறைக்கும் இருவரும் சம அளவு பணம் போட்ட ஒரு பொதுப் பையும், பிற்பகலில் இரண்டு மணி நேரம் அவரவர் விருப்பப்படி சுற்றும் உரிமையும் அந்த வருத்தத்தைத் தீர்த்தன.

அவிஞ்ஞோனில் பழைய நகரைச் சூழ்ந்த மதிலுக்குள் அறை எடுத்து, பெரிய பையை அங்கேயே வைத்துவிட்டு மற்ற இரண்டு நகரங்களுக்கும் சிறு பையுடன் போய்வாருங்கள். கல் பாவிய சந்துகளில் சுமையோடு நடப்பது முழங்காலை வாட்டும். அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, மதிலை ஒட்டியிருப்பது வேறொரு நிலையம் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போது கவனியுங்கள். வட்டார ரயில்களுக்குப் பொதுவாக முன்பதிவு தேவையில்லை.

அவிஞ்ஞோனில் 1309 முதல் 1377 வரை திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) தங்கியிருந்தார்கள். அவர்களது அரண்மனைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஆர்லுக்குச் சனிக்கிழமை சென்றால் பெரிய சந்தையையும், சுமார் 20,000 பேர் அமரக்கூடியதாக ரோமானியர் கட்டிய அரங்கையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

நீமுக்கு ஒரு முழு நாள் வேண்டும். அங்கிருந்து பேருந்தில் போன் டு கார் பாலத்துக்குச் செல்வதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மூன்றடுக்காக ஏறத்தாழ 49 மீட்டர் உயரம் எழும் இப்பாலம், நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த 50 கிலோமீட்டர் கால்வாயின் ஒரு துண்டு மட்டுமே. அந்த நெடுந்தொலைவு முழுவதற்கும் வாட்டம் 13 மீட்டருக்கும் குறைவு என்பதை நினைத்துக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், கீழடுக்குகளில் சாந்தே இல்லாமல் நிற்கும் பெருங்கற்களின் அருமை புரியும். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள்.

மதிய உணவை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் பல உணவகங்களில் சமையல் நின்றுவிடும். கடைக்குள் நுழையும்போது "போன்ஜூர்" சொல்வது அங்கே அடிப்படை மரியாதை. சைவ உணவினர் நீமின் பெயர்பெற்ற பிராந்தாத் என்ற உணவு கருவாட்டு மீனில் செய்யப்படுவது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கார்கசோனுக்குப் போவதாக இருந்தால் ஓர் இரவாவது தங்குங்கள். 52 கோபுரங்கள் கொண்ட கோட்டை நகருக்குள் நுழையக் கட்டணம் இல்லை, உள்ளிருக்கும் மாளிகைக்கு மட்டுமே சீட்டு. பகல் கூட்டம் கலைந்தபின் மாலையில் மதில்களுக்கு இடையே நடக்கலாம்.