ஏசி குளிரவில்லை: கேஸ் அல்ல, கெப்பாசிட்டர்

1.5 டன் ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டர் இல்லாதது. காலையில் நன்றாகக் குளிரும். இரவு ஏழுக்கு மேல் வெறும் காற்றுதான். ஃபில்டர் கழுவினேன், வெளி யூனிட்டின் காயிலில் தண்ணீர் அடித்தேன், கேஸும் பார்த்தாயிற்று, சரியாகவே இருந்தது. நான்கு நாள் வீண்.

வெளி யூனிட் ஃபேன் சுற்றியதால் கம்ப்ரசரும் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார்) ஓடுகிறது என்றே நம்பினேன். காதை வைத்துக் கேட்டால் சில விநாடி ‘ம்ம்ம்’, பிறகு ‘டக்’, அப்புறம் அமைதி; கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து நின்றுவிடுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடி அதே. தடித்த செம்புக் குழாயும் சில்லிடவில்லை.

எம்சிபியை (மின் பிரேக்கர் சுவிட்ச்) இறக்கி, கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு அளந்தேன். 50 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு அலகு) இருக்க வேண்டியது 31தான் காட்டியது. மேல்மூடி உப்பவே இல்லை, அதனால்தான் கண்ணுக்குத் தப்பியது. இரவில் வோல்டேஜ் இறங்கும்போது இந்த வலு கம்ப்ரசரைக் கிளப்பப் போதாது. அதே 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கெப்பாசிட்டர் புதியதை மாட்டியதும் அப்பாடா, அன்றிரவே குளிர்ந்தது.