சுருட்டிய துண்டும் ஹீமோஃபிலியா முழங்காலும்

எனக்கு ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறைபாடு. கோலாலம்பூர் செந்தூலில் சிறுவனாக இருந்தபோது முழங்கால் வீங்கினால் பாட்டி தைலம் போட்டு உருவி விடுவார். மூட்டுக்குள் ரத்தம் கசியும்போது அதைவிடக் கெடுதல் வேறில்லை. அப்புறம் வீட்டில் எல்லோரும் பயந்து என்னை ஆடாமல் அசையாமல் உட்கார வைத்தார்கள். அதில் தொடை சூம்பியது. சூம்பிய தொடை முழங்காலைத் தாங்காது, அடுத்த கசிவு சீக்கிரமே வந்தது. அதனால் இங்கே நான் சொல்லப்போகும் துண்டுப் பயிற்சி முழங்காலுக்கானது என்றாலும் வேலை தொடைக்குத்தான்.

முதல் படி: இன்று கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் தெரிவதற்கு முன்பே உள்ளே ஒரு குறுகுறுப்பு, சூடு, மடக்கினால் இறுக்கம் வரும். சந்தேகம் வந்தாலே பயிற்சி கிடையாது. உங்கள் ஹீமோஃபிலியா சிகிச்சை மையம் சொன்ன அளவில் ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் ஊசி மருந்து) போடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. காலை உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால். வீட்டு அலமாரியில் கிடக்கும் பொன்ஸ்தான், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம், ரத்தம் உறைவதை இன்னும் கெடுக்கும்.

இரண்டாவது, மூட்டு அமைதியாக இருக்கும் நாளில். ஃபேக்டர் போட்ட நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். குளியல் துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல் முழங்காலைக் கீழே அழுத்துங்கள். தொடையில் கை வைத்துப் பாருங்கள், கல்லாக இறுகியிருக்க வேண்டும். ஐந்து எண்ணி விடுங்கள். மூச்சை அடக்காதீர்கள், எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். பத்து முறை செய்தால் போதும்.

மூன்றாவது, இது சுலபமானதும் துண்டை எடுக்காமலே குதிகாலை மட்டும் தூக்கி முழங்காலை நிமிர்த்துங்கள். எடை கட்டுவதெல்லாம் பிசியோ பார்த்துச் சொன்ன பிறகு. நடுவில் மூட்டு சூடானால் நிறுத்திவிட்டு முதல் படிக்குப் போங்கள்.

நீச்சல் தாராளமாகப் போகலாம். ஃபுட்சால் (சிறு மைதானக் கால்பந்து) வேண்டாம், கூட்டாளிகள் கெஞ்சினாலும் சரி.

பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் 272 படிகளை ஏறுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். முழங்காலுக்குப் பாரம் இறங்கும்போதுதான் அதிகம். கிளம்புமுன் மையத்தில் பேசிவிடுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில், ஒரு கை எப்போதும் கைப்பிடியில்.