படர்தாமரையைப் படிக்கும்போது எங்கே வழுக்குகிறோம்?

படர்தாமரை என்று பெயர் வைத்தவர் அதை நன்றாக உற்றுப் பார்த்திருக்கிறார். வட்டமாகப் படரும்; ஓரம் சிவந்து, தடித்து, செதில் விடும்; நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும். தோல் பூஞ்சைத் தொற்றுகளைப் படிக்கிறவர்கள் இந்தப் படத்தை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பூஞ்சை சுறுசுறுப்பாக முன்னேறுவது அந்த ஓரத்தில்தான். நடுவில் சுரண்டி எடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியாமல் போவது ஏன் என்பதற்கு விடை அதிலேயே இருக்கிறது.

படர்தாமரைக்கு மருத்துவத்தில் டினியா என்று பெயர். அதிகம் பேர் செய்யும் தவறு, டினியா பெயர்களைக் கிருமிகளின் பெயர்களாக நினைத்துப் பட்டியல் போடுவது. டினியா கேப்பிடிஸ், கார்ப்போரிஸ், குரூரிஸ், பீடிஸ், அங்குவியம் இவையெல்லாம் தலை, உடம்பு, தொடையிடுக்கு, பாதம், நகம் என்று இடத்தைச் சொல்பவை. அது முகவரி; குடியிருப்பவரின் பெயர் அல்ல. ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற ஒரே பூஞ்சை பாதத்திலும் இருக்கும், நகத்திலும் இருக்கும், தொடையிடுக்கிலும் இருக்கும். ஒரே இடத்தில் வெவ்வேறு பூஞ்சைகளும் வரலாம். 'இந்த டினியாவுக்கு இந்தக் கிருமி' என்று ஒன்றுக்கு ஒன்று கோடு போட்டு மனப்பாடம் செய்தவர்கள், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் திணறுகிறார்கள்.

அதற்குப் பதிலாக, இந்தப் பூஞ்சை எதைத் தின்கிறது என்று கேட்டுப் பாருங்கள். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகளுக்கு டெர்மட்டோஃபைட்டுகள் என்று பெயர். அவற்றின் உணவு கெரட்டின் என்ற கெட்டியான புரதம். அதனால் தோலின் வெளிப்படலம், முடி, நகம் ஆகிய மூன்றில் மட்டுமே அவை குடியிருக்கும். உயிருள்ள திசுவுக்குள் சாதாரணமாக இறங்குவதில்லை. இந்த மூன்றிலும் வரக்கூடியது ட்ரைக்கோஃபைட்டான். மைக்ரோஸ்போரம் தோலையும் முடியையும் பிடிக்கும், நகத்துக்கு அரிதாகவே போகும். எபிடெர்மோஃபைட்டான் தோலையும் நகத்தையும் பிடிக்கும், முடியைத் தொடாது. பழைய வகைப்பாட்டில் இந்த மூன்றுதான் பேரினங்கள்; 2017-இல் அதைத் திருத்தியபோது எண்ணிக்கை கூடிவிட்டது. பழைய மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் இப்போது நானிசியா ஜிப்சியா. உங்கள் பாடநூலில் பழைய பெயர் இருந்தால் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேமல் விஷயத்தில் பெயர் இன்னும் மோசமாக ஏமாற்றும். டினியா வெர்சிகலர் என்று அதற்கும் டினியா பட்டம் கொடுத்திருப்பதால், பலர் அதை டெர்மட்டோஃபைட் வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். அது மலாசீசியா என்ற ஈஸ்ட் செய்யும் வேலை. அதற்கு வேண்டியது கொழுப்பு. எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த மார்பிலும் முதுகிலும் அது வருவது அதனால்தான். கொழுப்புச் சேர்க்காத அகரில் (ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் கூழ்) அது பொதுவாக வளராமல், மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் வளர்வதும் அதனால்தான். க்ரிசியோஃபல்வின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து இதற்குப் பயன்படாது; வாய்வழி டெர்பினாஃபினும் பயன்படாது. இன்னொன்றையும் மாணவர்கள் தவறவிடுகிறார்கள்: பூஞ்சை செத்த பிறகும் வெளிறிய நிறம் மாதக்கணக்கில் நிற்கலாம். நிறம் திரும்பவில்லை என்பதை வைத்து மருந்து தோற்றது என்று எழுதக் கூடாது. வீட்டில் தேமல் என்று சொல்கிற வெளிறிய திட்டெல்லாம் மலாசீசியாவும் அல்ல. பூஞ்சையே இல்லாத வெளிறல்களும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்லைடு, அதாவது செதிலை அந்தக் காரக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எளிய சோதனை என்பதால் அலட்சியமாகச் செய்து, பிறகு சோதனையைக் குறை சொல்கிறோம். முதலில் 70 சதவீத ஆல்கஹாலால் இடத்தைத் துடைக்க வேண்டும். பூசிய களிம்பு இருந்தால் அதன் எண்ணெய்த் துளிகள் ஸ்லைடில் பூஞ்சை வித்து போலத் தெரிந்து குழப்பும். பிறகு ஓரத்தில் சுரண்டி, செதில்களை உலர்ந்த கறுப்புக் காகிதத்தில் மடித்து அனுப்ப வேண்டும். ஈரம் தேங்கும் மூடிய குப்பியில் போட்டால் பாக்டீரியா பெருகிவிடும். தோல் செதிலுக்கு 10 முதல் 20 சதவீதக் கரைசல் போதும். நகம் கெட்டியானது, அதற்கு அடர்த்தியும் கூடுதலாக வேண்டும், நேரமும் கூடுதலாக வேண்டும். காரம் கெரட்டினைக் கரைக்கும். பூஞ்சையின் செல் சுவர் தாக்குப்பிடிக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பார்த்தால் கரையாத தோல் செல்களுக்கிடையில் பூஞ்சை இழை மறைந்துகிடக்கும்.

நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் குறைக்க மறப்பதும் வழக்கமான தவறு. சாயம் ஏற்றாத பூஞ்சை இழை கண்ணாடி போல இருக்கும். முழு வெளிச்சத்தில் அது கரைந்துபோகும். மாதிரியின் மேல் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கிப் பாருங்கள். இழை என்று நினைப்பது உண்மையில் இழைதானா என்பதற்கு நான் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு. உண்மையான இழை தோல் செல்களின் எல்லைகளை மதிக்காமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அகலம் சீராக இருக்கும். குறுக்குச் சுவரும் கிளையும் தெரியும். செல்களின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வளைந்து வளைந்து போனால் அது வெறும் செல் எல்லை. துணி நூலும் ஏமாற்றும்.

ஸ்லைடில் இழை தெரிந்ததும் 'ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே தெரிவது டெர்மட்டோஃபைட்டைப் போன்ற இழை என்பது மட்டுமே. இனம் சொல்ல வளர்ப்பு (ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது) வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் தொற்று இல்லை என்று முடித்துவிடக் கூடாது. நகத்தில் குறிப்பாக மறுபடி மாதிரி எடுக்க வேண்டிவரும்.

வளர்ப்பில் பாக்டீரியாவுக்குச் செய்வதுபோல 37 டிகிரியில் ஒரு நாள் வைத்துவிட்டு வளரவில்லை என்று தூக்கிப் போடுவது பெரிய இழப்பு. பூஞ்சைக்கான சபுரோ அகரில் 25 முதல் 30 டிகிரி, நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டும். மாட்டிடமிருந்து வரும் ட்ரைக்கோஃபைட்டான் வெருகோசம் மட்டும் விதிவிலக்கு. அது 37 டிகிரியில்தான் நன்றாக வளரும். ஊடகத்தில் சேர்க்கும் சைக்ளோஹெக்சிமைடு, மாசுப் பூஞ்சைகளை அடக்குவதோடு நியோசைட்டலிடியம் போன்ற உண்மையான நோய்க்காரணியையும் அடக்கிவிடும். ஆகவே அது சேர்த்த ஒரு குழாய், சேர்க்காத ஒரு குழாய் என இரண்டும் வேண்டும்.

ரூப்ரம் என்றால் வளர்ப்பின் பின்பக்கம் சிவப்பு என்ற ஒரே வரியை நம்பாதீர்கள். நிறம் ஊடகத்தைப் பொறுத்து மாறும். மைக்ரோகொனிடியா என்ற சிறு வித்துகள் கண்ணீர்த்துளி வடிவில் இழையின் இருபுறமும் ஒட்டியிருப்பது ரூப்ரம். திராட்சைக் கொத்துப் போல உருண்டையாகக் குவிந்து, சுருள் இழையும் சேர்ந்திருந்தால் ட்ரைக்கோஃபைட்டான் மென்டக்ரோஃபைட்டிஸ். யூரியாவைச் சிதைக்கிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனையும், முடியைத் துளைக்கிறதா என்று பார்க்கும் முடித் துளைச் சோதனையும் மென்டக்ரோஃபைட்டிஸுக்குப் பொதுவாக நேர்மறை, ரூப்ரத்துக்கு எதிர்மறை.

வுட் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை என்றால் தலைப் படர்தாமரை இல்லை என்று எழுதுவதும் தவறு. மைக்ரோஸ்போரம் கேனிஸ் பச்சையாக ஒளிரும். முடிக்குள் புகுந்து வளரும் ட்ரைக்கோஃபைட்டான் டான்சுரான்ஸ் ஒளிராது. தொடையிடுக்கில் பவளச் சிவப்பாக ஒளிர்ந்தால் அது பூஞ்சையே அல்ல, கோரினிபாக்டீரியம் மினுட்டிசிமம் என்ற பாக்டீரியா.

மருந்துப் பகுதியைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைப்பவர்களுக்கு ஒரு சொல். ஸ்டீராய்டு களிம்பு பூசிய தோலில் அழகான வட்டம் கலைந்துபோகும். அதற்கு டினியா இன்காக்னிட்டோ என்று பெயர். தோற்றத்தை மட்டும் படித்தவர் அங்கே ஏமாறுவார். செதிலைச் சுரண்டிப் பார்ப்பவருக்கு இழை கிடைக்கும். டெர்பினாஃபின் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. 2020-இல் பெயரிடப்பட்ட ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேயில் அந்த நொதியின் மரபணுவே மாறிவிடுவதால் மருந்து பல நேரம் பலிப்பதில்லை. இப்போது இதைத் தெரியாமல் இருக்க முடியாது.

பெயர் ஏமாற்றும் இடம் தோலுக்கு அடியிலும் உண்டு. தோலுக்கு அடியில் வீங்கிப் புண்ணாகும் தொற்றுக்கு மைசெட்டோமா என்று பெயர். அந்தச் சொல்லிலேயே பூஞ்சை இருக்கிறது. ஆனால் அதைப் பூஞ்சையும் செய்யும், நோகார்டியா, ஆக்டினோமதுரா போன்ற பாக்டீரியாக்களும் செய்யும். புண்ணிலிருந்து வரும் மணிகளை (கிருமிகள் திரண்ட சிறு துகள்கள்) நசுக்கிச் சாயமேற்றிப் பாருங்கள். ஒரு மைக்ரோமீட்டர் அளவேயுள்ள மெல்லிய கிராம் நேர்மறை (கிராம் சாயத்தில் ஊதாவாகும்) இழைகள் என்றால் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் வேண்டும். அதைவிடத் தடித்த, குறுக்குச் சுவருள்ள இழைகள் என்றால் பூஞ்சை. பூஞ்சைக்கொல்லி மருந்தோடு பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். கறுப்பு மணி என்றால் பூஞ்சை. வெள்ளை மணி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அதை நசுக்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது.