விற்ற துப்பாக்கி திரும்பி வருகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டெக்சஸில் டாலஸ் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே நடத்தும் சின்னத் துப்பாக்கி டீலர் லைசென்ஸ் என்னுடையது. எனக்கென்று சரக்கு அதிகம் கிடையாது. யாரோ ஒருவர் வேறு மாநிலத்து ஆளுக்கு ஆன்லைனில் விற்ற பழைய துப்பாக்கி சட்டப்படி கைமாற வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள டீலர் ஒருவர் நடுவில் வேண்டும். அந்த வேலையைச் செய்து 30 டாலர் வாங்கிக்கொள்கிறேன். அப்படிப் போனவற்றில் சில, கொஞ்ச நாளில் அதே மேசைக்குத் திரும்பி வரும். கூடவே இரண்டு பேரின் கோபமும் வரும்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ கிடைத்து, துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகப் பழகி, முதலில் வாங்கியதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று கிளம்பும் தமிழர்கள் இப்போது இங்கே கணிசம். மாட்டிக்கொள்ளும் இடங்கள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அனுப்பும் முன் துப்பாக்கியின் தோட்டா அறையில் (சேம்பர்) தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதுகூடத் தெரியாதவர் விற்கவே வேண்டாம்.

"நம்ம ஊர்க்காரர்தானே"

டெக்சஸில் குடியிருக்கும் இரண்டு தனி ஆட்கள் தங்களுக்குள் நேரில் விற்று வாங்க டீலர் தேவையில்லை, பின்னணிச் சோதனையும் தேவையில்லை. அதனால் பொங்கல் விழாவில் அறிமுகமான தம்பி கேட்டார், கொடுத்துவிட்டேன் என்பார்கள். தம்பி என்ன விசாவில் இருக்கிறார் என்று கேட்டிருக்க மாட்டார்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. தெரிந்தே விற்றாலும், சந்தேகப்படக் காரணம் இருந்தும் விற்றாலும் விற்றவருக்கும் சேர்த்துத்தான் வழக்கு. "அண்ணா, இது எனக்குக் கூடாதாம், திருப்பி எடுத்துக்கோங்க" என்று அந்தத் தம்பி போன் செய்தால் ரிட்டர்ன் பேச்சை எடுக்காதீர்கள். முதலில் வக்கீலைக் கூப்பிடுங்கள்.

விளம்பரத்தில் வாய்க்கு வந்ததை எழுதுவது

"ஆஸ் இஸ்" (இருக்கிறபடியே விற்கிறேன்) என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. வியாபாரி அல்லாத தனி ஆள் விற்கும்போது, பொருள் தரமாக இருக்கும் என்ற மறைமுக உத்தரவாதம் தானாக ஒட்டிக்கொள்ளாது. ஆனால் நீங்களே எழுதும் வர்ணனை உத்தரவாதமாகிவிடும். அதற்கு வியாபாரியாக இருக்க வேண்டியதில்லை. "இதுவரை சுட்டதே இல்லை", "எல்லா நம்பரும் மேட்சிங்" என்று எழுதிவிட்டு, கடைசியில் "ஆஸ் இஸ்" போட்டால் அந்த வாக்கு அழியாது. சின்ன வழக்குகளைப் பார்க்கும் டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம், வக்கீல்கூட வேண்டாம். கோபத்தில் இருப்பவருக்கு அது பெரிய அலைச்சல் இல்லை.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். தெரிந்ததையும் துப்பாக்கியில் பொறித்திருப்பது போலவே எழுதுங்கள். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆலையில் 1960-களில் செய்யத் தொடங்கிய 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் இங்கே ராணுவம் கழித்த சரக்காக நிறைய இறங்கின. இந்தியாவில் சாதாரண ஆளுக்கு லைசென்ஸே கிடைக்காத ரகம் என்பதால் நம் ஆட்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். அதில் தோட்டா அளவு 7.62 என்று பொறித்திருக்கும். விற்கும்போது ".308 ரைஃபிள்" என்று எழுதிவிடுவார்கள், தேடலில் சீக்கிரம் கண்ணில் படுமாம். வாங்கியவர் கடையில் கிடைத்த வேட்டை .308 தோட்டாவைப் போட்டுச் சுட்டுவிட்டு, காலி உறை உள்ளேயே இறுகிக்கொண்டு வெளியே வரவில்லை என்று புகார் சொல்வார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனால் ஒரே கணக்கில் செய்தவை அல்ல. ".308" என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள், அந்தப் புகார் உங்கள்மேல்தான்.

"சரி, திருப்பி அனுப்பிடுங்க"

இந்தப் பதிலைப் படித்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வாங்கியவர் ராத்திரி பத்து மணிக்கு ஒரு காட்டமான மெசேஜ் போடுவார். விற்றவர் பயந்தோ பெருந்தன்மையாலோ உடனே இப்படிப் பதில் போட்டுவிடுவார். கூடவே வீட்டு முகவரியையும் கொடுத்து, "ட்ராக்கிங் நம்பர் வந்ததும் பணம் போட்டுடறேன்" என்பார். ஒரே மூச்சில் மூன்று தவறு. அமேசானில் வாங்கிய மிக்ஸியைத் திருப்புவது மாதிரி இதையும் நினைத்துக்கொள்கிறார்கள்.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வேறு வேறு மாநிலத்துத் தனி ஆட்கள் நேரடியாகக் கைமாற்றிக்கொள்ள முடியாது. திரும்பி வருவதற்கும் இதே விதிதான். வாங்கியவர் டென்னசியில் தன் டீலரிடம், துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் ஃபெடரல் படிவமான 4473-இல் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போன நிமிடமே அது அவருடைய துப்பாக்கி. அதை அவர் உங்கள் வீட்டுக்கு அனுப்பினால், விற்பனை சரியாக நடந்திருந்தாலும், இந்தத் திருப்பி அனுப்பல் குற்றம். உங்கள் பக்கத்து டீலருக்குத்தான் வர வேண்டும். நேற்றுவரை உங்கள் அலமாரியில் இருந்த துப்பாக்கிக்கு நீங்கள் புதிதாக 4473 நிரப்பி, என்.ஐ.சி.எஸ். என்ற ஃபெடரல் பின்னணிச் சோதனையில் தேறித்தான் எடுத்துப்போக முடியும். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் ஒரு 2ஏ1 ரைஃபிளை விற்றார். குழலுக்குள் துரு என்று வாங்கியவர் கத்தினார். நம்மவர் அந்தப் புகழ்பெற்ற பதிலைப் போட்டார், வீட்டு முகவரியோடு. நல்ல வேளையாக அந்த ஊர் டீலர் விவரமானவர். முடியாது என்று சொல்லி என் லைசென்ஸ் நகலைக் கேட்டு வாங்கி ரைஃபிளை எனக்கு அனுப்பினார். ஆனால் ட்ராக்கிங் நம்பர் வந்த அன்றே நம்மவர் முழுப் பணத்தையும் கொடுத்து முடித்திருந்தார்.

பார்சல் வந்தது. "நிதானமாகப் பாருங்கள், அப்புறம் கையெழுத்துப் போடலாம்" என்றேன். அவருக்கு ரைஃபிளைத் திரும்பப் பார்த்த சந்தோஷம். குழலை மட்டும் விளக்கில் காட்டிப் பார்த்தார். துரு ஒன்றும் பெரிதாக இல்லை. படிவத்தை நிரப்பினார், சோதனை தேறியது, எடுத்துப்போனார். ராத்திரி போன் வந்தது. 2ஏ1 சேர்ந்த லீ-என்ஃபீல்டு குடும்பத்து ரைஃபிள்களில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குப் பின்பக்கம், குமிழுக்கு மேலே, சின்ன எழுத்தில் நம்பர் அடித்திருப்பார்கள். ரைஃபிளின் நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. இதில் இரண்டும் வேறு. வாங்கியவர் தன்னிடம் இருந்த வேறொரு போல்ட்டை மாட்டி அனுப்பிவிட்டார் என்பது இவர் வாதம். வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்பது அவர் வாதம்.

விற்பனைப் படங்களை எடுத்துப் பார்த்தோம். இடது பக்கம் இருக்கிறது, 800 மீட்டர் வரை கோடு போட்ட, குறிபார்க்கும் பின்குறி இருக்கிறது, மரக்கட்டையின் பித்தளைத் தகடுகூடத் தெளிவாக இருக்கிறது. போல்ட் நம்பர் ஒரு படத்திலும் இல்லை. என் பதிவேட்டில் பார்த்தால் தெரியுமே என்றார். சட்டத்தின் கண்ணில், போல்ட் உள்ளே ஓடும் உடல் பாகமான ரிசீவர்தான் துப்பாக்கி, பதிவேட்டில் ஏறுவது அதன் நம்பர் மட்டும். போல்ட் வெறும் உதிரிப் பாகம், அதற்குக் கணக்கே கிடையாது.

பண நஷ்டத்தோடு முடியவில்லை. இந்த ரைஃபிள்களில் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ரிசீவரோடு பொருத்திச் சரிபார்த்திருப்பார்கள். வேறு போல்ட் ஏறினால் தோட்டா உட்காரும் இடைவெளி கூடிப்போகலாம். கூடினால் சுடும்போது பித்தளை உறை கிழியும், வாயு முகத்தை நோக்கி வரும். கன்ஸ்மித் ஒருவர் கேஜ் போட்டு அளந்து பார்க்கும்வரை அதைச் சுட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் செலவும் அவர் தலையில்தான்.

சரியான வரிசை இதுதான். மெசேஜ் வந்தால், "படங்களையும் குறையையும் இமெயிலில் எழுதி அனுப்புங்கள், நாளைக்குப் பதில் சொல்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். திரும்பப் பெறுவது என்று முடிவானால் டீலரிடமிருந்து டீலருக்கு வரட்டும். யுபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் தனி ஆட்களின் துப்பாக்கிப் பார்சலை எடுப்பதில்லை, அவற்றில் அனுப்ப டீலரிடம்தான் போயாக வேண்டும். உங்கள் டீலரின் மேசையில் வைத்து, விற்கும்போது எடுத்த படங்களோடு ஒவ்வொரு பாகமாக ஒத்துப் பாருங்கள்: நம்பர்கள், தோட்டா நிரப்பும் மேகசின், திருகுகளின் பள்ளத்தில் புதுக் கீறல், டிரிகரின் கனம். எல்லாம் சரியென்றால் பணம். அதற்குப் பிறகுதான் 4473. சரியில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அனுப்பிய டீலருக்கே அது திரும்பிப் போகட்டும்.

இதே விஷயத்தை வாங்குபவருக்கும் முதலிலேயே நிபந்தனையாக எழுதிவிட்டால் பாதித் தகராறு பிறக்காது. அவருடைய டீலர் மேசையில் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துக்கு முன் சொல்லட்டும். அந்த நிலையில் துப்பாக்கி இன்னும் கைமாறவில்லை, வந்த வழியே போய்விடும். மூன்று நாள் வைத்துப் பார், சுடாமல் திருப்பிக் கொடு என்ற ஏற்பாடு ரொம்பப் பிரபலம். எனக்குப் பிடிக்காது. அந்த மூன்று நாளும் கையெழுத்துக்குப் பிறகு வருகிறது, வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்கியவர் கலிஃபோர்னியா ஆளாக இருந்தால் அங்கே எடுக்கவே 10 நாள் காத்திருக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பேபாலில் "ட்ரைபாட்" என்று பொய்க் குறிப்புப் போட்டுப் பணம் வாங்குவது

பேபால் விதிப்படி அதில் துப்பாக்கி விற்கக் கூடாது. தகராறு வந்தால் பணமும் போகும், கணக்கும் முடங்கும். தபால் மணியார்டர் வாங்கி, மாற்றிக்கொண்ட பிறகு அனுப்புங்கள்.

மிரட்டலுக்கு மிரட்டல்

வேண்டாம். இருவரிடமும் துப்பாக்கி இருக்கிறது.

"வேலை செய்யவில்லை" என்றதும் ஒத்துக்கொள்வது

என்ன தோட்டா, எந்த மேகசின் என்று முதலில் கேளுங்கள். .22 பிஸ்டல்கள் தோட்டா விஷயத்தில் ரொம்ப அடம் பிடிக்கும், பெட்டி மாற்றினாலே சரியாகிவிடும். வீட்டில் தானே மறுபடி நிரப்பிய தோட்டாவைச் சுட்டதாகச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சோதனையில் தேறாதவரைத் தகராறு என்று நினைப்பது

என்.ஐ.சி.எஸ். மறுத்துவிட்டால் டீலர் கொடுக்க மாட்டார், துப்பாக்கி உங்களுக்குத் திரும்பும். அனுப்பும் செலவும் டீலர் கட்டணமும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவேன் என்று முன்பே எழுதி வையுங்கள். ஏன் மறுத்தார்கள் என்று விசாரிக்காதீர்கள். "அப்ப என் மனைவி பேருக்கு மாத்திடுங்க" என்று அவர் சொன்னால் விற்பனையை நிறுத்திவிடுங்கள். வாங்கத் தடை உள்ள ஒருவருக்காகத் தெரிந்தே வாங்கித் தருவது 2022 முதல் தனி ஃபெடரல் குற்றம், 15 வருடம் வரை உள்ளே போகலாம்.

சின்னக் குறைக்கு முழு ரிட்டர்ன்

கட்டையில் சொல்லாமல் விட்ட ஒரு விரிசல், ஒரு மேகசின் குறைவு. இதற்கெல்லாம் துப்பாக்கியை வரவழைத்தால் இரண்டு டீலர் கட்டணம், அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ், மறுபடி விற்கும் வேலை. 60 டாலர் திருப்பிக் கொடுத்து, "இத்துடன் தீர்ந்தது" என்று இமெயிலில் ஒரு வரி வாங்கிக்கொள்வது லாபம். தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்பவர்களுக்குத்தான் செலவு.

போனதற்கு ரசீது, வந்ததற்கு இல்லை

உள்ளூரில் நேரில் விற்றவர்கள் இதில் மறக்காமல் தவறுவார்கள். குற்ற இடத்தில் ஒரு துப்பாக்கி சிக்கினால், நம்பரை வைத்து, துப்பாக்கிகளைக் கவனிக்கும் ஃபெடரல் துறையான ஏடிஎஃப் தயாரிப்பாளரிடம் தொடங்கி டீலர் வழியாக முதலில் வாங்கியவர்வரை வரும். அதற்குப் பிறகு நடந்த தனி விற்பனை எதுவும் அந்தச் சங்கிலியில் இல்லை, முதல் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் விற்றபோது ஒரு தாள், திரும்பி வந்தபோது இன்னொரு தாள், இரண்டிலும் தேதி, நம்பர், இருவர் கையெழுத்து. அவற்றைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். அடுத்த ஆளுக்கு விற்கும்போது பெட்டியோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.