ஃபெல்ட்ஸ்பார் இல்லையே என்று அவசரப்படாதீர்கள்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்து தன் முக்கோண வரைபடத்தைக் காட்டினாள். மணலில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பாறைத் துணுக்கு எவ்வளவு என்று எண்ணி, அது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று ஊகிக்கும் படம் அது. கிரானைட்டில் குவார்ட்ஸோடு ஃபெல்ட்ஸ்பார் கனிமமும் நிறைய உண்டு. புள்ளிகள் எல்லாம் குவார்ட்ஸ் மூலையில் ஈ மொய்த்த மாதிரி இருந்தன. "அக்கா, இந்த ஆற்று மணலுக்கும் கிரானைட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய மணற்கல் மலை ஏதோ கரைந்து வந்திருக்கிறது" என்றாள். கையிலிருந்த ரொட்டி சானாயைக் கீழே வைத்தேன். பல வருடங்களுக்கு முன் என் அறிக்கையில் நான் எழுதிய அதே வரி.

மணல் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பையில் எண் எழுத மறப்பது, மேல்பக்கம் எது என்று கல்லில் குறிக்காமல் வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடுவீர்கள்.

'ஃபெல்ட்ஸ்பார் இல்லை, அதனால் கிரானைட் இல்லை'

பகாங்கின் தெம்பெலிங் தொகுதிப் பாறைகளில் ஜுராசிக், கிரெட்டேசியஸ் கால ஆறுகள் விட்டுப்போன மணற்கல் நிறைய உண்டு. என் மாதிரியை ஒரு சாலை வெட்டில் எடுத்தேன். காரணம் வேறொன்றுமில்லை, காரை நிறுத்த வசதி. 300 துகள் எண்ணினேன், ஃபெல்ட்ஸ்பார் அகப்படவில்லை. 1979இல் டிக்கின்சன், சூசெக் என்ற புவியியலாளர்கள் வெளியிட்ட அந்த முக்கோணத்தில் புள்ளி வைத்து, முடிவையும் எழுதிவிட்டேன்.

அப்புறம் ஓடைப் படுகையில் அதே அடுக்கின் கெட்டியான துண்டு ஒன்று கிடைத்தது. இந்த முறை ஓட்டைகளில் நீலப் பிசின் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கத் தின் செக்ஷன் (ஒளி ஊடுருவும் மெல்லிய பாறைச் சீவல்) வெட்டினேன். குவார்ட்ஸ் துகள்களுக்கு நடுவே, ஒரு துகள் அளவுக்கே நீல ஓட்டைகள். சிலவற்றின் ஓரம் நேர்க்கோடாக, பெட்டி மாதிரி. உள்ளே சீட்டுக்கட்டு அடுக்கியது போலக் கயோலின், அதாவது ஃபெல்ட்ஸ்பார் மக்கி உண்டாகும் வெள்ளைக் களிமண். ஃபெல்ட்ஸ்பார் இருந்திருக்கிறது, கரைந்துபோயிருக்கிறது. முதல் மாதிரியில் பிசின் ஏற்றாததால், தேய்க்கும்போது துகள் பிய்ந்த ஓட்டை என்று நினைத்து அவற்றைத் தாண்டிப் போயிருந்தேன். பிய்ந்த ஓட்டை வெளுப்பாகத்தான் இருக்கும், நீலம் ஏறாது. ஆறு மாத வேலை போயிற்று. இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நம் ஊர் மழைக்கு கிரானைட் மலையிலேயே மக்கிவிடும். பேராக்கின் தாப்பா, பீடோர் பக்கம் தோண்டும் கயோலின் அப்படி வந்ததுதான். மலையில் தப்பிய ஃபெல்ட்ஸ்பார் வெள்ளச் சமவெளியில் காத்துக் கிடக்கும்போது கரையும். புதைந்த பின் நிலத்தடி நீரில் கரையும். கடைசியாக, இன்றைய சாலை வெட்டிலும் கரையும். தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுப் படுகையில், கிரானைட் நிலத்திலிருந்து நேராக இறங்கிய மணலே கிட்டத்தட்ட முழுக் குவார்ட்ஸாக இருப்பதை 1988இலேயே காட்டிவிட்டார்கள். முக்கோணத்துக்கு மழை தெரியாது.

ஆகவே ஓடைக் கல் அல்லது ஆழத் துளையிட்டு எடுத்த கல்லை எடுங்கள். எண்ணும்போது ஓட்டைகளையும் தனியாக எண்ணுங்கள். சிர்க்கான், டூர்மலின் போன்ற அழியாத கனிமங்களை டூலாங்கில் (அகன்ற மரத்தட்டில்) அலசிப் பாருங்கள். அதில் வெள்ளீயம் அலசிய பாட்டிமார் கைப்பழக்கம் நமக்கு வராது, ஆனாலும் முதல் வடிகட்டலுக்குப் போதும்.

சிர்க்கான் வயதை முகவரியாக எடுத்துக்கொள்வது

சிர்க்கான் வயது என்பது அது உருகிய பாறையில் படிகமான காலம். தீபகற்ப மலேசியாவின் தீத்திவங்சா மலைத்தொடர் கிரானைட் பெரும்பாலும் டிரயாசிக் காலத்தது. உங்கள் மணலில் அதே காலத்து, 22 கோடி வருட வயதுச் சிர்க்கான் கிடைத்தால் அது பிறந்த ஊர் தெரிகிறது. ஆறு அதைக் கடைசியாக எந்த வீட்டிலிருந்து தூக்கி வந்தது என்பது தெரிவதில்லை. நடுவில் வேறொரு மணற்கல்லில் குடியிருந்திருக்கலாம். 5 சதவீதப் பங்குள்ள வயதுக் கூட்டம் எதையும் விட்டுவிடவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 117 துகள் வேண்டும். முப்பதோடு நிறுத்தாதீர்கள்.

அழகான சிர்க்கானை மட்டும் பொறுக்குவது

வேண்டாம்.

சல்லடை

கழுவுங்கள். முந்தைய ஆள் கிரானைட் நொறுக்கியிருப்பார்.

ஒரே ஒரு குறுக்கு அடுக்கை அளந்து ஆற்றின் திசை சொல்வது

மணற்கல்லுக்குள் சாய்வாகப் படிந்த குறுக்கு அடுக்கு, அந்த இடத்தில் நீர் ஓடிய திசையைத்தான் காட்டும். கோலா தெம்பெலிங்கிலிருந்து தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு ஆற்றில் படகில் போய்ப் பாருங்கள். முகத்தில் அடித்த வெயில் கொஞ்ச நேரத்தில் முதுகுக்கு வந்துவிடும், அப்புறம் காதோரம். அந்த வளைவுகளில் எதில் நின்று அளந்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்? இருபது முப்பது இடத்திலாவது அளந்து, பாறை சாய்ந்திருக்கும் சாய்வைக் கழித்துவிட்டு வரையுங்கள்.