லண்டன் சின்னம்மாவின் படிவம் திரும்பி வந்த காரணம்

லண்டனில் இருக்கும் சின்னம்மா, தன்னால் முடியாமல் போனால் வைத்தியம், பராமரிப்பு பற்றி முடிவெடுக்கத் தன் மகளையும் யாழ்ப்பாணத்திலிருக்கும் என்னையும் நியமித்தார். இங்கிலாந்துச் சட்டப்படி அதற்கு எல்.பி.1எச் என்ற படிவம். வெளிநாட்டில் இருப்பவரையும் நியமிக்கலாம். பதிவுக்கு அனுப்பினோம், பதியாமல் திரும்பி வந்தது.

சாட்சியில்தான் குறை என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். ஜே.பி. (சமாதான நீதவான்) முத்திரைக்கு அலைந்தேன், பிறகு நல்லூரில் ஒரு நொத்தாரிசிடம் போனேன். அதெல்லாம் தேவையே இல்லை. 18 வயது நிரம்பிய ஒருவர் நான் கையொப்பமிடுவதை நேரில் பார்த்து, கையொப்பமிட்டுத் தன் முழுப்பெயரும் விலாசமும் எழுதினால் போதும். சின்னம்மா மட்டும் எனக்குச் சாட்சியாக முடியாது. பக்கத்து வீட்டு ரீச்சர் அதை முதலிலேயே சரியாகச் செய்திருந்தார்.

அப்புறம்தான் திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். படிவத்தின் 9ஆம் பகுதியில் சின்னம்மா, 10இல், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் அவர் விளங்கித்தான் செய்கிறார் என்று உறுதிப்படுத்தும், குடும்பத்தைச் சேராத ஒருவர், 11இல் நாங்கள். கையொப்பம் இந்த ஒழுங்கில்தான் விழவேண்டும். ஒரே நாளானாலும் சரி, முந்தக்கூடாது. தபாலில் நாள் போகும் என்று, படிவ வேலையைக் கவனித்த லண்டன் முகவர் என் பக்கத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அதனால் என் திகதி உறுதிப்படுத்துபவரின் திகதிக்கு முந்திவிட்டது.

11ஆம் பகுதியை மட்டும் புதிதாக அச்சடித்து, ரீச்சர் வீட்டு விறாந்தையில் அன்றைய திகதியோடு கையொப்பமிட்டு, மூலத்தாளையே கூரியரில் போட்டேன். பதிவாகிவிட்டது, பெரிய நிம்மதி.

இன்னொன்று: உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய 5ஆம் பகுதியிலும் சின்னம்மா சாட்சியின் முன் கையொப்பமிட வேண்டும், 9ஆம் பகுதிக்கு முன்போ அதே நாளிலோ.